இங்கிலாந்தின் ஜூரிச் சேவை: பத்து வேலைநாட்களின் பின் ஒரு மதிப்புரை

உணவகத்தையோ கைபேசியையோ மதிப்பிட்டு எழுதுபவர், தாம் விரும்பிப் பணம் கொடுத்து வாங்கிய ஒன்றைப் பற்றி எழுதுகிறார். நான் மதிப்பிடப் போவது, கேளாமலே வீட்டு வாசலுக்கு வந்ததும், பதில் அனுப்பாமலோ குறித்த நாளில் போகாமலோ விட்டால் 1,000 பவுண் வரை தண்டம் விதிக்கப்படக்கூடியதுமான ஒரு பொதுச் சேவையை. 2023 ஒக்டோபரில், லண்டனிலுள்ள ஒரு கிரவுன் நீதிமன்றத்தில் (பாரதூரமான குற்ற வழக்குகளை விசாரிக்கும் நீதிமன்றம்), பத்து வேலைநாட்கள் ஜூரராகக் கடமையாற்றினேன்: குற்றஞ்சாட்டப்பட்டவர் குற்றவாளியா இல்லையா என்று தீர்மானிக்கும் பொதுமக்கள் பன்னிரண்டு பேரில் ஒருவராக. குறைகளையும் சொல்ல இருப்பதால் அந்த நீதிமன்றத்தின் பெயரைத் தவிர்க்கிறேன். ஜூரி அறைக்குள் யார் என்ன பேசினார், யார் எப்பக்கம் நின்றார் என்பதை வெளியே சொல்வது இந்நாட்டுச் சட்டப்படி குற்றம். ஆகவே என் மதிப்புரை அந்த அறையின் கதவு வரை வந்து நின்றுவிடும். வழக்கின் முடிவையும் எழுதப் போவதில்லை. அதை எழுதினால் வாசகரின் கவனம் முழுவதும் அந்த மனிதர் குற்றவாளியா இல்லையா என்பதிலேயே போய்விடும். எனக்குச் சொல்ல இருப்பது வேறு.

இச்சேவையை எந்த அளவுகோலால் அளக்கிறேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நேர்மை என்பது ஒருவரின் குணத்தோடு வருவது, நல்ல மனிதர்கள் பன்னிரண்டு பேரை உட்கார வைத்தால் நீதி கிடைத்துவிடும் என்றுதான் நானும் எண்ணியிருந்தேன். பத்து நாட்களின் பின் அப்படி எண்ணவில்லை. பிற்பகல் மூன்று மணிக்கு, காற்றோட்டமில்லாத அறையில், தொலைபேசி அழைப்புகளின் பட்டியலைச் சாட்சி ஒருவர் வரிவரியாக வாசிக்கும்போது கண் சொருகுகிற நல்ல மனிதரால் யாருக்கும் பயனில்லை. கவனிக்காதவரின் நேர்மை வெறும் நல்லெண்ணமாகவே நின்றுவிடுகிறது. முன்பின் அறியாத பன்னிரண்டு பேரைத் தொடர்ந்து கவனிக்க வைப்பதற்கு இச்சேவை என்ன செய்கிறது, எங்கே அவர்களின் கவனத்தை வீணாக்குகிறது என்பதே என் கேள்வி. ஐந்து நட்சத்திரங்களுக்கு எத்தனை என்று கேட்பவர்களுக்காக: நீதிமன்ற மண்டபத்துக்குள் நடந்ததற்கு நான்கரை, மண்டபத்துக்கு வெளியே நடந்ததற்கு இரண்டு.

அழைப்புக் கடிதம் சாதாரணத் தபாலில் வருகிறது. வாக்காளர் இடாப்பிலிருந்து கணினி குலுக்கல் முறையில் பெயர்களை எடுக்கிறது. வயது 18 முதல் 75 வரை இருக்க வேண்டும். 13 வயதுக்குப் பின் குறைந்தது ஐந்து ஆண்டுகளாவது தொடர்ச்சியாக இந்நாட்டில் வாழ்ந்திருக்க வேண்டும். பிரித்தானியக் கடவுச்சீட்டு இல்லாதவரை அழைக்க மாட்டார்கள் என்ற எண்ணம் நம்மவரிடையே பரவலாக உண்டு. அது பிழை. பொதுநலவாய நாட்டுக் குடிமக்கள் சட்டப்படி இங்கு வசித்தால் வாக்களிக்கும் உரிமை பெறுவதால், இலங்கை, இந்திய, மலேசியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களின் பெயரும் இடாப்பில் இருக்கும். இடாப்பில் பெயர் இருந்தால் கடிதமும் வரலாம். எங்கள் தெருவில் மளிகைக்கடை நடத்தும் அண்ணர் ஒருவர், நீதிமன்ற முத்திரையைப் பார்த்ததும் யாரோ தம்மீது வழக்குப் போட்டுவிட்டதாக எண்ணி, கடிதத்தை இரண்டு நாட்கள் கல்லாப்பெட்டிக்குள் வைத்திருந்தார். ஏழு நாட்களுக்குள் பதில் அனுப்ப வேண்டும் என்பது தெரிந்தபின் என்னிடம் கொண்டுவந்தார். இணையத்தில் பதில் அனுப்புவது எளிது. பத்து நிமிடங்களுக்கு மேல் எடுக்கவில்லை. திருமணம், சத்திரசிகிச்சை, பரீட்சை போன்ற தகுந்த காரணம் இருந்தால் ஒருமுறை ஒத்திவைக்கக் கேட்கலாம். ஆனால் அடுத்த பன்னிரண்டு மாதங்களுக்குள் எந்த நாட்களில் வர முடியும் என்பதை அப்போதே குறிப்பிட வேண்டும்.

என் மனநிலையையும் இங்கே மறைக்காமல் சொல்ல வேண்டும், ஏனெனில் ஒரு மதிப்புரையில் எழுதுபவரின் முன்முடிவு என்ன என்பதை வாசகர் அறிந்திருப்பது நல்லது. ஜூரி முறையை நான் சந்தேகத்தோடுதான் பார்த்துவந்தேன். இலங்கையில் ஆங்கிலேயர் காலத்திலிருந்து வந்த அந்த முறை இன்னும் சட்டத்தில் உண்டு. அங்கே ஜூரி சபையில் எழுவர் அமர்வார்கள். 1996இல் திருகோணமலை மாவட்டக் குமாரபுரத்தில் இருபதுக்கும் மேற்பட்ட தமிழ்ப் பொதுமக்கள் கொல்லப்பட்ட வழக்கில், இருபது ஆண்டுகளின் பின், 2016 ஜூலையில், அனுராதபுரத்தில் அமர்ந்த ஜூரி சபை குற்றஞ்சாட்டப்பட்ட இராணுவத்தினர் அறுவரையும் விடுவித்தது. அதே ஆண்டு டிசம்பரில், 2006இல் கொழும்பில் சுட்டுக்கொல்லப்பட்ட நாடாளுமன்ற உறுப்பினர் நடராஜா ரவிராஜின் வழக்கில், சிங்கள மொழி பேசும் ஜூரி சபை குற்றஞ்சாட்டப்பட்ட அனைவரையும் விடுவித்தது. இந்த இரண்டு செய்திகளையும் ஒரே ஆண்டில் வாசித்த ஒருவருக்கு, பொதுமக்கள் பன்னிரண்டு பேர் சேர்ந்தால் நீதி வந்துவிடும் என்ற பேச்சு இனிக்காது. யார் அமர்கிறார்கள் என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்ற எண்ணத்தோடுதான் நான் படியேறினேன். அமர்கிறவர்களிடம் என்ன கேட்கப்படுகிறது, எவ்வளவு விடாப்பிடியாகக் கேட்கப்படுகிறது என்பதும் அதற்கு ஈடாக முக்கியம் என்பதை அப்போது நான் யோசித்திருக்கவில்லை.

பணவிடயத்தை விரைவாக முடித்துவிடலாம். ஜூரருக்குச் சம்பளம் இல்லை. இழப்பீடு மட்டுமே உண்டு. நான் இருந்த காலத்தில் முதல் பத்து வேலைநாட்களுக்கு, நான்கு மணித்தியாலத்துக்கு மேல் கடமையாற்றிய நாளொன்றுக்கு, வருமான இழப்புக்காக 64.95 பவுண் வரை கொடுத்தார்கள். உணவுக்கு 5.71 பவுண். லண்டனில் அந்த 5.71 பவுணுக்கு ஒரு சான்ட்விச்சும் தேநீரும் கிடைத்தால் அன்றைக்கு உங்களுக்கு நல்ல நாள். தொழில் தருநர் விடுமுறை கொடுத்தே ஆக வேண்டும், ஆனால் சம்பளம் கொடுக்க வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. என் அலுவலகம் சம்பளத்தை நிறுத்தவில்லை என்பதால் எனக்கு நட்டமில்லை. மேலே சொன்ன மளிகைக்கடை அண்ணருக்கோ, பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை செய்பவருக்கோ, டாக்சி ஓட்டுபவருக்கோ நிலைமை வேறு. நாளொன்றுக்கு 65 பவுணுக்குக் கடையை ஒப்படைத்துவிட்டு வர ஆள் கிடைக்காது. என்னோடு வந்திருந்த சுயதொழில் செய்பவர் ஒருவர், இடைவேளை தோறும் வாசலில் நின்று தம் வேலையாட்களுக்குத் தொலைபேசியில் உத்தரவு கொடுத்துக்கொண்டிருந்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பணக்கவலை கவனத்தைத் தின்னும் என்பது இந்தத் தொகையை நிர்ணயித்தவர்களுக்குத் தெரியாதிருக்க முடியாது.

காத்திருப்பு அறைதான் இச்சேவையின் மிகப் பெரிய குறை. விமான நிலையத்தைப் போலப் பைகளைச் சோதித்து உள்ளே விடுகிறார்கள். தண்ணீர்ப் போத்தல் வைத்திருந்தால் ஒரு வாய் குடித்துக் காட்டச் சொல்கிறார்கள். அதன்பின் நூறு பேரளவில் அமரும் ஒரு கூடம். கதிரைகளின் பஞ்சு வெளியே வந்திருந்தது. வெப்பமூட்டி ஒரு பக்கம் மட்டும் வேலை செய்தது. தேநீர் இயந்திரம் இரண்டாம் நாளிலிருந்து ஓய்வில் இருந்தது. என் பத்து நாட்களில் நான்கு இந்தக் கூடத்திலேயே கழிந்தன. காத்திருப்பதில் எனக்கு மனக்குறை இல்லை. வழக்குத் தொடங்கும் தறுவாயில் குற்றத்தை ஒப்புக்கொள்பவர்கள் உண்டு, சாட்சி வராமல் போவதுண்டு, ஜூரி தயாராகக் காத்திருப்பதே சிலரை ஒப்புக்கொள்ள வைக்கிறது என்று உத்தியோகத்தர் ஒருவர் விளக்கினார். அந்த விளக்கம் நான்காம் நாளில்தான் கிடைத்தது என்பதே என் குறை. ஏன் காத்திருக்கிறோம் என்று தெரிந்து காத்திருப்பவர், அழைக்கும்போது விழிப்போடு எழுந்து வருவார். தெரியாமல் காத்திருப்பவர் எரிச்சலோடு வருவார், அந்த எரிச்சலை மண்டபத்துக்குள்ளும் கொண்டுபோவார்.

முதல் நாள் காலையில் ஒரு சிறிய காணொளியைக் காட்டி, ஜூரரின் சட்டப் பொறுப்புகள் பற்றிய ஒரு தாளையும் கையில் கொடுத்தார்கள். வழக்கைப் பற்றி இணையத்தில் தேடக்கூடாது, சம்பவம் நடந்த இடத்தைப் போய்ப் பார்க்கக்கூடாது, வீட்டில் மனைவியிடமும் பேசக்கூடாது. வழக்கு நடக்கும் காலத்தில் அதைப் பற்றித் தானாகத் தேடும் ஜூரருக்கு இரண்டு ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை கிடைக்கலாம். இது வெறும் அச்சுறுத்தல் அன்று: 2011இல், வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்ட ஒருவரோடு முகநூலில் தொடர்புகொண்ட ஜூரர் ஒருவருக்கு எட்டு மாதமும், 2012இல், குற்றஞ்சாட்டப்பட்டவரின் பழைய வரலாற்றை இணையத்தில் தேடி மற்ற ஜூரர்களுக்குச் சொன்ன ஒருவருக்கு ஆறு மாதமும் சிறை விதித்தார்கள். தாள் தெளிவாகவே இருந்தது. ஆனால் ஏன் தேடக்கூடாது என்பதை அதைவிட நன்றாக விளக்கியவர் எங்கள் நீதிபதி. நீங்கள் இரவில் வாசிப்பதைச் சட்டத்தரணிகள் எவரும் மறுநாள் குறுக்கு விசாரணை செய்ய முடியாது என்ற பொருளில் அவர் சொன்னார். அதன்பின் தேட வேண்டும் என்ற எண்ணமே எனக்கு வரவில்லை. என் கைபேசி மட்டும், நான் கேளாமலே, உள்ளூர்க் குற்றச் செய்திகளைத் திரையில் தள்ளிக்கொண்டிருந்தது. அவற்றை அணைத்துவைக்கும் முறையையும் அந்தத் தாளில் சேர்த்திருக்கலாம்.

இனித் தெரிவு. பதினைந்து பேரளவில் ஒரு மண்டபத்துக்கு அழைத்துச் செல்வார்கள். நீதிமன்ற எழுதுநர் அட்டைகளைக் கலைத்து ஒவ்வொன்றாகப் பெயர்களை வாசிப்பார். பன்னிரண்டு கதிரைகளும் நிரம்பியதும் மிச்சமுள்ளவர்கள் கூடத்துக்குத் திரும்புவார்கள். காரணம் சொல்லாமல் ஜூரரை விலக்கும் உரிமை முன்பு குற்றஞ்சாட்டப்பட்டவர் தரப்புச் சட்டத்தரணிகளுக்கு இருந்தது. 1988ஆம் ஆண்டுச் சட்டம் அதை நீக்கிவிட்டது. இனி விலக்குவதற்குக் காரணம் வேண்டும். இதனால் பொறுப்பின் பெரும்பகுதி ஜூரரின் வாயிலேயே வந்து விழுகிறது: சாட்சிகளின் பெயர்ப் பட்டியலை வாசித்துவிட்டு, இவர்களில் எவரையாவது தெரியுமா என்று கேட்பார்கள்.

எனக்கு அந்தக் கேள்வி முதல் வாரத்திலேயே வந்தது. பட்டியலில் மூன்று தமிழ்ப் பெயர்கள். அவற்றில் ஒன்று எங்கள் ஊர்ச் சங்கத்தின் ஒன்றுகூடலில் கேட்ட பெயர் போலிருந்தது. முகம் நினைவுக்கு வரவில்லை. ஒரே பெயருள்ள வேறொருவராகவும் இருக்கலாம். கையை உயர்த்துவதா என்று சில நொடிகள் தயங்கினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். நம்மவரின் வழக்கில் நம்மவர் ஒருவர் இருந்தால் நல்லதுதானே என்ற எண்ணமும் அந்தத் தயக்கத்துக்குள் இருந்தது. மூன்று நிமிடங்களுக்கு முன்புவரை, யார் அமர்கிறார்கள் என்று பிறரைச் சந்தேகித்துக்கொண்டிருந்தவன் நான். கையை உயர்த்தினேன். நீதிபதி இரண்டு கேள்விகள் கேட்டார், நன்றி சொன்னார், திருப்பி அனுப்பினார். யாரும் முகம் சுளிக்கவில்லை. இந்த இடத்தில் இச்சேவைக்கு முழு மதிப்பெண் கொடுக்கிறேன்: உண்மையைச் சொல்பவரை அவமானப்படுத்தாமல் வெளியே விடும் முறை, உண்மையைச் சொல்வதை எளிதாக்குகிறது.

இரண்டாவது முறை அழைத்தபோது எனக்குக் கதிரை கிடைத்தது. சத்தியப்பிரமாணத்துக்கு எந்த நூல் வேண்டும் என்று உத்தியோகத்தர் மெல்லிய குரலில் கேட்டார். விவிலியம், குர்ஆன், பகவத்கீதை எல்லாம் துணியில் சுற்றி வைத்திருந்தார்கள். இந்து என்று சொன்னதும் கீதையை எடுத்தார். யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பத்தில் தேவாரம் பாடி வளர்ந்த ஒருவருக்குக் கீதை அத்தனை நெருக்கமான நூல் இல்லை என்பதை அந்த வரிசையில் நின்று விளக்குவது எப்படி? மதநூல் எதுவுமின்றி உறுதிமொழி எடுத்துக்கொண்டேன். எந்த வழியில் எடுத்தாலும் சாரம் ஒன்றுதான்: குற்றஞ்சாட்டப்பட்டவரை நேர்மையாக விசாரித்து, சாட்சியங்களின்படி உண்மையான தீர்ப்பை வழங்குவேன். அதில் வரும் ‘சாட்சியங்களின்படி’ என்ற சொல்லின் எடை அப்போது எனக்கு விளங்கவில்லை.

ஒரு சொல்லைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். நம் நீதிமன்றத் தமிழில் குற்றஞ்சாட்டப்பட்டவரை ‘எதிரி’ என்று எழுதுவது வழக்கம். இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் அப்படித்தான். நான் குறிப்புகளைத் தமிழில் எழுதுபவன். முதல் நாளில் பக்கத்தின் ஓரத்தில் ‘எதிரி’ என்று எழுதி, அதன் கீழே அவரைப் பற்றிய சாட்சியங்களைக் குறித்துக்கொண்டு போனேன். மாலையில் திருப்பிப் பார்த்தபோது, முழுப்பக்கமும் யாரோ ஒரு பகைவனைப் பற்றியதாகத் தோன்றியது. மறுநாள் அந்தச் சொல்லை வெட்டிவிட்டு ‘இவர்’ என்று எழுதத் தொடங்கினேன். இது அற்பம் என்று சிலருக்குத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

வழக்கு ஓர் இரவில் கடையொன்றின் வாசலில் நடந்த தாக்குதலைப் பற்றியது. தாக்கியவர் இவர்தானா என்பதே கேள்வி. ஆறு நாட்கள். காலை பத்து மணிக்குத் தொடங்கி மாலை நாலரை மணிக்குள் முடிப்பார்கள். நடுவில் ஒரு மணித்தியாலம் உணவு இடைவேளை. பேனாவும் தாளும் கொடுத்தார்கள். இருவருக்கு ஒரு கட்டு ஆவணங்கள். பக்கத்தில் இருந்தவர் பக்கத்தை வேகமாகப் புரட்டுபவர் என்றால் உங்கள் கவனம் அவர் விரலைப் பொறுத்தது; ஆளுக்கொரு கட்டுக் கொடுத்திருக்கலாம். எல்லாவற்றையும் எழுதிக்கொள்ள முயன்றதே நான் செய்த முதல் தவறு. எழுதிக்கொண்டிருக்கும்போது சாட்சியின் முகத்தைப் பார்க்க முடியாது. இரண்டாம் நாள் நீதிபதி எங்களைப் பார்த்து, நீங்கள் சுருக்கெழுத்தாளர்கள் அல்லர், பார்ப்பதும் கேட்பதும்தான் முதல் வேலை என்று சொன்னார். அதன்பின் நேரம், தூரம், சொன்னவர் பெயர் ஆகிய மூன்றை மட்டும் குறித்தேன். அதைவிடப் பயனுள்ள பழக்கம் ஒன்றைப் பிறகு கண்டுகொண்டேன்: ஒவ்வொரு நாள் முடிவிலும், அன்று கேட்டவற்றில் எது சாட்சி கண்ணால் கண்டது, எது அவர் ஊகித்தது, எது சட்டத்தரணியின் கேள்விக்குள் மறைந்துவந்தது என்று பிரித்து எழுதினேன். மூன்றாவது வகைதான் எனக்கு அதிர்ச்சி. சட்டத்தரணி கேட்டதைச் சாட்சி மறுத்திருப்பார். ஆனால் அந்தக் கேள்வி அழகாக அமைந்திருந்ததால் என் மனம் அதை நடந்த சம்பவமாகவே சேமித்துவைத்திருந்தது.

அடையாளம் காட்டும் சாட்சியத்தைப் பற்றி நீதிபதி தந்த அறிவுறுத்தலே இந்தப் பத்து நாட்களில் நான் பெற்ற மிகச் சிறந்த பயிற்சி. நேர்மையான சாட்சியும் தவறலாம், உறுதியாகப் பேசுவதால் ஒருவர் சரியாகப் பார்த்தார் என்று ஆகிவிடாது என்று அவர் எச்சரித்தார். எவ்வளவு நேரம் பார்த்தார், எவ்வளவு தூரத்திலிருந்து, எந்த வெளிச்சத்தில், இடையில் ஏதாவது மறைத்ததா, முன்பே அறிந்தவரா, பார்த்ததற்கும் அடையாளம் காட்டியதற்கும் இடையில் எத்தனை நாட்கள், முதலில் பொலிஸாரிடம் சொன்ன விவரணைக்கும் ஆளுக்கும் பொருத்தம் உண்டா என்று கேள்விகளை வரிசைப்படுத்திக் கொடுத்தார். இவை 1976இல் டர்ன்புல் வழக்கில் மேன்முறையீட்டு நீதிமன்றம் வகுத்தவை என்பதைக் கடமை முடிந்தபின் வாசித்து அறிந்தேன். அவற்றின் பின்னால் பழைய பாவங்கள் உண்டு: 1896இல் அடோல்ஃப் பெக் என்பவரை, தம்மை ஏமாற்றியவர் இவரே என்று பல பெண்கள் உறுதியாக அடையாளம் காட்டினார்கள், அவர் சிறை சென்றார், 1904இல் மறுபடியும் அதே கதை, கடைசியில் குற்றம் செய்தவர் வேறொருவர் என்று தெரியவந்தது. 1907இல் குற்றவியல் மேன்முறையீட்டு நீதிமன்றம் உருவானதற்கு அந்த வழக்கும் ஒரு காரணம். கண்ணால் கண்டேன் என்று யாராவது சொன்னால் அத்தோடு விவாதத்தை முடித்துக்கொள்ளும் குடும்பத்தில் வளர்ந்த எனக்கு, இந்தக் கேள்விகள் புதிய கண்களாகவே இருந்தன.

ஜூரர் கேள்வி கேட்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. வாய்விட்டுக் கேட்கக்கூடாது; தாளில் எழுதி, உத்தியோகத்தர் மூலம் நீதிபதிக்கு அனுப்ப வேண்டும். நீதிபதி அதை இரு தரப்புச் சட்டத்தரணிகளோடும் பேசிவிட்டு, கேட்கலாமா கூடாதா என்று முடிவு செய்வார். கண்காணிப்புக் கெமராப் பதிவிலுள்ள நேரம் சரியான நேரந்தானா என்று ஒரு கேள்வி எங்கள் பக்கத்திலிருந்து போனது. மறுநாள் காலை, அந்தக் கெமராவின் கடிகாரத்தைப் பற்றி இரு தரப்பும் ஒப்புக்கொண்ட ஒரு குறிப்பை வாசித்தார்கள். யார் பக்கத்துக்கும் சாதகமான கேள்வி அது என்று சொல்ல முடியாது. ஆனால் கேள்வி கேட்ட பின் எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள் என்பதை நான் கண்டேன். இந்த உரிமையை முதல் நாள் காணொளியிலேயே பெரிய எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும். நாங்கள் மூன்றாம் நாளில்தான் அதைத் துணிந்து பயன்படுத்தினோம்.

கண் சொருகுவதைப் பற்றி மேலே எழுதினேன். அது கற்பனை இல்லை. நான்காம் நாள் பிற்பகலில் தொலைபேசிப் பட்டியல் வாசிக்கப்பட்டபோது எனக்கே ஒருமுறை தலை தாழ்ந்தது. எழுத்தாளர் கூட்டங்களில் முன்வரிசையில் அமர்ந்து தூங்கிய அனுபவம் எனக்கு உண்டு. அங்கே யாரும் சிறைக்குப் போவதில்லை. எதிரில் கண்ணாடித் தடுப்புக்குள் அமர்ந்திருந்தவர் அந்த நொடியில் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வை நினைவில் இருக்கிறது. நீதிபதியும் பார்த்திருக்க வேண்டும்; ஐந்து நிமிடங்களில் இடைவேளை அறிவித்தார். அதன்பின் மதிய உணவைப் பாதியாகக் குறைத்தேன், சோற்றை முற்றாக விட்டேன்.

முடிவில் நீதிபதி சட்ட அறிவுறுத்தல்களை வாயால் சொன்னதோடு எழுத்திலும் கொடுத்தார்: முதலில் இந்தக் கேள்விக்கு விடை காணுங்கள், ஆம் என்றால் அடுத்ததற்குப் போங்கள், இல்லை என்றால் இத்தோடு நிறுத்துங்கள் என்று படிப்படியாக. இது எவ்வளவு பெரிய உதவி என்பதற்கு ஆய்வுச் சான்றும் உண்டு. நீதி அமைச்சுக்காகப் பேராசிரியர் செரில் தோமஸ் நடத்தி 2010இல் வெளியான ஆய்வில், வாயால் மட்டும் அறிவுறுத்தல் கேட்ட ஜூரர்களில் 31 வீதத்தினரே அதை நீதிபதி சொன்ன சட்டச் சொற்களின்படி முழுமையாக விளங்கியிருந்தனர். எழுத்துச் சுருக்கமும் கொடுத்தபோது அது 48 வீதமாக உயர்ந்தது. உயர்ந்த பின்னும் பாதிக்குக் கீழேதான் என்பதையும் கவனிக்க வேண்டும். அதே ஆய்வு, வெள்ளையர்கள் மட்டுமே அமர்ந்த ஜூரி சபைகள் சிறுபான்மை இனத்தவருக்கு எதிராகப் பாகுபாடு காட்டியதற்குச் சான்று கிடைக்கவில்லை என்றும் கூறியது. நான் கொண்டுவந்த சந்தேகத்தை அது முழுதாகத் தீர்த்துவிடவில்லை. அனுராதபுரத்தில் நடந்ததற்கு இங்கிலாந்தில் நடத்திய ஆய்வு விடையாகாது. ஆயினும் அந்தப் பெயர் பட்டியலில் கை உயர்த்திய கணத்தையும், படிப்படியான அந்தத் தாளையும் பார்த்தவனாக, எல்லாம் ஆட்களின் இனத்தோடு முடிந்துவிடுவதில்லை என்று இப்போது என்னால் சொல்ல முடியும்.

‘நியாயமான ஐயத்துக்கு அப்பால்’ என்ற பழைய தொடரை எங்கள் நீதிபதி பயன்படுத்தவே இல்லை. குற்றவாளி என்று சொல்வதானால் நீங்கள் உறுதியாக இருக்க வேண்டும்; இல்லையென்றால் குற்றவாளி அல்லர் என்று சொல்ல வேண்டும் என்றார். அவ்வளவுதான். தமிழில் எனக்குள் இதைச் சொல்லிப் பார்த்தேன். ‘செய்திருப்பார்’ என்பதும் ‘செய்தார்’ என்பதும் ஒன்றா? நம் அன்றாடப் பேச்சில் முதலாவதைச் சொல்லிவிட்டு இரண்டாவதாக நடந்துகொள்வோம். அந்த ஒரு விகுதி வேறுபாட்டுக்குள்தான் ஒரு மனிதரின் ஆண்டுகள் இருக்கின்றன.

ஜூரி அறையைப் பற்றி வெளிப்புறமாக மட்டும்: கைபேசிகளை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள், எங்களைத் தனிமையான இடத்தில் காப்பேன் என்று ஒரு உத்தியோகத்தர் சத்தியம் செய்து வாசலில் நிற்கிறார், தண்ணீரும் உணவும் உள்ளே வருகின்றன. ஒருமித்த தீர்ப்பே முதலில் கேட்கப்படும். குறைந்தது 2 மணி 10 நிமிடங்களாவது கழிந்த பின்னரே, நீதிபதி அனுமதித்தால், குறைந்தது பத்துப் பேர் ஒத்துக்கொண்ட பெரும்பான்மைத் தீர்ப்பு ஏற்கப்படும். எங்களைக் காவல் செய்தவர் வயதான, கனிவான மனிதர். முன்பு ஜூரர்களுக்கு உணவும் நெருப்பும் கொடாமல் பூட்டி வைப்பார்கள், உங்களுக்கு பிஸ்கட்டாவது இருக்கிறது என்று சிரித்தார். அவர் சொன்னது உண்மை. 1670இல், தெருவில் மதப் பிரசங்கம் செய்ததற்காக வழக்குத் தொடரப்பட்ட வில்லியம் பென், வில்லியம் மீட் இருவரையும் குற்றவாளிகள் என்று சொல்ல மறுத்த ஜூரர்களை இரண்டு இரவுகள் பட்டினி போட்டு, பின் தண்டமும் விதித்தார்கள். அந்த ஜூரர்களில் ஒருவராக, தண்டம் கட்ட மறுத்துச் சிறையிருந்த எட்வர்ட் புஷெல் தொடுத்த வழக்கில்தான், தீர்ப்புக்காக ஜூரரைத் தண்டிக்கக்கூடாது என்பது நிலைநாட்டப்பட்டது. லண்டன் ஓல்ட் பெய்லி நீதிமன்றக் கட்டடத்தில் அவர்களுக்கு ஒரு நினைவுக் கல் உண்டு.

கடமை முடிந்த மாலையில் நீதிபதி நன்றி சொன்னார். ஐந்து நிமிடங்களில் எல்லாரும் வீதியில் நின்றோம். ஆறு நாட்கள் காயங்களின் படங்களைப் பார்த்தவர்களுக்கு, மனம் கனத்தால் குடும்ப மருத்துவரையோ உதவித் தொலைபேசிச் சேவையையோ நாடலாம் என்ற ஒரு வரி மட்டும் தாளில் இருந்தது. போதாது. யாரிடமும் பேசக்கூடாது என்று சட்டம் கட்டிப்போட்ட ஒருவரை, இனி வேண்டுமானால் யாரிடமாவது பேசிக்கொள் என்று வாசலில் விடுவது முறையில்லை. இழப்பீட்டுப் பணம் இரண்டாம் வாரத்தில் வங்கிக்கு வந்தது, அதில் குறையில்லை.

இப்போது இந்தச் சேவையின் எதிர்காலமே விவாதத்தில் இருக்கிறது. கிரவுன் நீதிமன்றங்களில் தேங்கிய வழக்குகள் 2025இல் 75,000ஐத் தாண்டின. அவ்வாண்டு ஜூலையில் வெளியான, ஓய்வுபெற்ற மூத்த நீதிபதி சேர் பிரயன் லெவ்சனின் மீளாய்வு, ஒரு பகுதி வழக்குகளை ஜூரி இல்லாமல் ஒரு நீதிபதியும் இரு மாஜிஸ்ட்ரேட்டுகளும் (சிறு வழக்குகளை விசாரிக்கும் நீதவான்கள்) விசாரிக்கலாம் என்று பரிந்துரைத்தது. ஜூரியால்தான் தாமதம் என்று கேட்கும்போது எனக்கு அந்தக் கூடத்தின் பஞ்சு பிதுங்கிய கதிரைகள்தான் நினைவுக்கு வருகின்றன. நாங்கள் நான்கு நாட்கள் தயாராக அங்கே இருந்தோம். ஆயத்தமாகாமல் இருந்தவை வழக்குகள்.

கடிதம் வந்தவர்களுக்கு: ஒரு கம்பளிச் சட்டையும், தடித்த புத்தகமும், மதியத்துக்கு வீட்டுச் சாப்பாடும் கொண்டுபோங்கள். ஆங்கிலம் விளங்குவதில் சிரமம் இருந்தால் முதல் நாளே சொல்லிவிடுங்கள். விடுவிக்கும் அதிகாரம் நீதிபதிக்கு உண்டு. குறிப்புகளை எந்த மொழியில் எழுதினாலும் யாரும் தடுப்பதில்லை, ஆனால் அவற்றை வெளியே எடுத்துச்செல்ல முடியாது. கடைசி நாளில் என் முப்பத்திரண்டு பக்கங்களையும் அந்த வயதான உத்தியோகத்தரிடம் கொடுத்தேன். மேலே இருந்த பக்கத்தைப் பார்த்து, இது என்ன மொழி என்று கேட்டார். தமிழ் என்றேன். அழகான எழுத்து, வெட்டியழிக்கத்தான் வேண்டியிருக்கிறது என்று சொல்லிவிட்டு, மற்றவர்களுடைய தாள்களோடு சேர்த்துப் பைக்குள் போட்டுக் கட்டினார்.